கடலோரப் புறநகரில் வீடு: குடியிருப்பவரின் மதிப்புரை

கடலோரச் சிறுநகரங்களின் குடியிருப்புப் புறநகர்களைப் பற்றிய வீட்டு விளம்பரங்களில் கடல் மட்டுமே இருக்கும். அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் காற்றையும் தண்ணீரையும் துருவையும் பற்றிப் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஒரு புறநகரில் முதலில் வாடகைக்கும் பிறகு சொந்த வீட்டிலும் குடியிருந்து வருபவன் என்ற முறையில், வாழ்வதற்கு இது எத்தகைய இடம் என்பதையும், வாங்குவதற்கு எத்தகைய சொத்து என்பதையும் பிரித்து மதிப்பிட விரும்புகிறேன். ஒரே இடத்துக்கு இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு விதமான பதிலைத் தருகின்றன. வாழ்வதற்கு இது மிக நல்ல இடம் என்று தயங்காமல் சொல்வேன். வாங்குவதானால், கடலை ஒட்டிய முதல் வரிசையை விட்டுவிட்டு, சில தெருக்கள் உள்ளே தள்ளி, சற்றே மேடான நிலத்தில் வாங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வாழ்க்கையைப் பொறுத்தவரை முதல் பெருமை காற்றுக்கே உரியது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெயில் ஏறிய முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும் இந்தக் கடற்காற்று, உள்நாட்டு ஊர்கள் புழுங்கிக்கொண்டிருக்கும் வேளையில் புறநகரின் வெப்பத்தைச் சில டிகிரி குறைத்துவிடுகிறது. இதை அறிந்து கட்டிய வீட்டுக்கும் அறியாமல் கட்டிய வீட்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் கோடையிலேயே தெரிந்துவிடும். கடலைப் பார்த்த சுவரில் ஜன்னலும், எதிர்ச் சுவரில் காற்று வெளியேற ஒரு வழியும் இருக்கும் வீட்டில் பிற்பகலில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடலாம். வெளியேற வழியில்லாத வீட்டில் காற்று ஜன்னலோடு நின்றுவிடும். முன்னால் உயர்ந்த கட்டடம் இருந்தாலும் இதே கதிதான். ஆகவே வாங்க நினைக்கும் வீட்டைத் தரகர் சொல்லும் காலை நேரத்தில் பார்த்தது போதாது. பிற்பகல் மூன்று மணியளவில் மறுபடியும் போய், எல்லா அறைக் கதவுகளையும் திறந்துவைத்துவிட்டு நடுக்கூடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் காற்றுக்கு ஒரு விலையும் உண்டு. ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருப்பதால் துவைத்த துணி எளிதில் காயாது. மூடியே கிடக்கும் அலமாரியில் தோல் பொருள்களும் புத்தகங்களும் பூஞ்சை பிடிக்கும். பழகிக்கொள்ளக்கூடியவைதான். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மாலை நடை என்ற ஒன்று நாள்தோறும் தானாக அமைந்துவிடுவதை எண்ணினால் இவற்றைப் பெரிய குறைகளாக நான் கொள்வதில்லை.

சீசன்தான் அடுத்த செய்தி. விடுமுறைக் காலத்தில் நகர மையத்தில் இடம் கிடைக்காத வண்டிகள் குடியிருப்புத் தெருக்களில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டை நாள் வாடகைக்கு விட்டிருந்தால் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு உறங்குவார்கள் என்பது ஒவ்வொரு வாரமும் மாறும். இதைவிட முக்கியமாக நான் கருதுவது சீசன் முடிந்த பிறகு நிலவும் வெறுமை. புறநகரின் வீடுகளில் கணிசமானவை வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகளாக இருந்தால், ஆண்டின் பெரும்பகுதி தெருவில் ஆளிருக்காது. ஆளில்லாத இடத்தில் மருந்துக்கடை முன்னதாக மூடும், பேருந்துகள் குறையும், பள்ளிக்குப் பிள்ளைகள் சேர்வதும் குறையும். சீசன் இல்லாத ஒரு மாதத்தில், வார நாளொன்றில், இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து எத்தனை ஜன்னல்களில் விளக்கெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் இருண்டு கிடந்தால் அது விடுமுறைக் குடியிருப்பு. குடும்பத்தோடு நிலையாக வாழ ஏற்ற ஊர் என்று அதை நான் சொல்லமாட்டேன்.

இனி உப்பு. வாங்குபவர் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான். அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேறி உப்புத் துகள்களாக ஊருக்குள் வருகின்றன. கனமானவை கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிட, நுண்ணியவை மட்டுமே வெகுதூரம் செல்கின்றன. அதனால் உப்புப் படிவு கரையருகே மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. முதல் வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் உள்ள வேறுபாடு, ஐந்தாவதற்கும் பதினைந்தாவதற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. காற்றுவெளியின் அரிப்புத் திறனை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை, நடுத்தர அரிப்பு உள்ள இடத்தில் சாதாரண எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேயும் என்றும், மிகக் கடுமையான வகையில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும் என்றும் குறிப்பிடுகிறது. அதற்கும் மேலே ‘அதிதீவிரம்’ என்று தனி வகையொன்றும் உண்டு. அலையோரத்து வீடுகள் இந்தக் கடைசி இரண்டு வகைகளுக்குள் வரக்கூடியவை. அவற்றின் ஜன்னல் கிரில்லுக்கு ஆண்டுதோறும் வண்ணம் அடித்தும் ஏன் போதவில்லை என்பதற்கு இந்த எண்களே பதில்.

உப்பு படிந்த இரும்பு மழையில் நனைந்தால் மட்டும்தான் துருப்பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சோடியம் குளோரைடு என்ற சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதமே போதும். மழையே பெய்யாத மாதத்திலும் இரவு முழுவதும் அந்த இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டேயிருக்கிறது என்பது இதன் பொருள். உண்மையில் மழை இங்கே நன்மையே செய்கிறது, ஏனெனில் அது உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில்தான் துரு அதிகம். ஒரு வீட்டின் நிலையை அறிய அதன் முகப்பைப் பார்ப்பதைவிட, மழைச்சாரல் எட்டாத சன்ஷேடின் அடிப்பக்கத்தையும், கார் நிறுத்துமிடத்துக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்களின் மேல்முனையையும், ஜன்னல் கீல்களின் உட்புறத்தையும் பார்ப்பது பயன் தரும். புதிதாக வண்ணம் பூசிய கீலின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வழிந்திருந்தால், பூச்சுக்கு அடியில் அரிப்பு நின்றபாடில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள வேறுபாடு பணத்திலும் உழைப்பிலும் உடனே தெரியும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் 304 தரக் கைப்பிடிகள் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கின்றன. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 தரம் வெகுகாலம் தாக்குப்பிடிக்கிறது, அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவர வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், உப்புநீர்ப் படலம் சேர்ந்தவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கி, தகடுகள் வெண்பொடியாக உதிர்கின்றன. பாதுகாப்புப் பூச்சு பூசிய யூனிட்டைக் கேட்டு வாங்கி, கடலுக்கு முதுகு காட்டிய சுவரில் பொருத்துவதே நல்லது.

இவையெல்லாம் மாற்றக்கூடிய பொருள்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அப்படி மாற்றிவிட முடியாது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, 12.5-க்கும் மேற்பட்ட பிஎச் அளவில், கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி அதைக் காக்கிறது. கடலிலிருந்து வரும் குளோரைடு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை எட்டும்போது அந்தப் படலம் உடைகிறது. கம்பி துருவானால், போன இரும்பின் இடத்தைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து எழும் அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளந்து பெயர்த்தெறிகிறது. குளோரைடு கம்பியை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: கம்பியை மூடி வெளியே விட்டிருக்கும் கான்கிரீட் அடுக்கான கவரின் கனமும், கான்கிரீட்டின் அடர்த்தியும். கட்டும்போது கடல் மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் எட்டுவதற்கு ஆண்டுகள் எதுவும் தேவையில்லை. குளோரைடு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது.

அடுக்குமாடியில் வாங்க நினைப்பவர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகரை அடுத்த சர்ஃப்சைடு என்ற கடலோரக் குடியிருப்பில் நடந்ததைத் தெரிந்துகொள்வது அவசியம். 1981-இல் கட்டிய 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பெரும்பகுதி, 2021 ஜூன் 24 அன்று அதிகாலையில், உள்ளே மக்கள் உறங்கிக்கொண்டிருக்கும்போது இடிந்து விழுந்து 98 பேர் உயிரிழந்தனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018-இல், பொறியாளர் ஒருவரின் அறிக்கை நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு செயலிழந்து, அதன் கீழுள்ள கான்கிரீட் பலகம் பெரும் சேதமடைந்திருப்பதைக் குறிப்பிட்டிருந்தது. அந்தப் பேரழிவுக்கு உப்பு ஒன்றே காரணம் என்று சொல்வது சரியாகாது. தளத்தின் வடிவமைப்பிலேயே குறைகள் இருந்ததை விசாரணை காட்டியிருக்கிறது. ஆனாலும், பழுது இருப்பது தெரிந்த பிறகும் உரிமையாளர்கள் பலர் சேர்ந்து முடிவெடுத்துச் செலவு செய்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும் என்பதை அந்த நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது. அடுத்த ஆண்டு புளோரிடா இயற்றிய சட்டம், மூன்று மாடிக்குக் குறையாத கூட்டுடைமைக் கட்டடங்களுக்கு 30-ஆம் ஆண்டில் கட்டமைப்புப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதோடு, கடலிலிருந்து 3 மைலுக்குள் இருப்பவற்றுக்கு அதை 25 ஆண்டாகக் குறைத்தது. கடலருகே கட்டடம் முன்கூட்டியே முதுமையடைகிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் அது.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகிறவர் கடலைப் பார்த்துக்கொண்டு பால்கனியில் நிற்பதற்கு முன், கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் அந்தப் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கட்டும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோட்டில் விரிசல் இருக்கிறதா, துருநீர் வழிந்த தடம் இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் பூச்சு புதிதாக இருக்கிறதா என்று கவனிக்கட்டும். கைக்கு எட்டும் தூண்களைச் சாவிக்கொத்தால் தட்டினால், நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துவருவது வீண் செலவு ஆகாது. சிறு துளையிட்டு எடுத்த கான்கிரீட் பொடியில் எந்த ஆழத்தில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்வார்கள். புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ப்தலீன் தெளித்து, இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையோடு சிலர் நிறுத்திக்கொள்வார்கள். அது காரத்தன்மை எஞ்சியிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும், குளோரைடைக் காட்டாது. இரண்டையும் கேட்டுப் பெற வேண்டும். சோதனைக்கு விற்பவர் இணங்கவில்லையென்றால், அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல் என்பேன்.

தண்ணீர் விஷயத்தில் நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கடலோர மணலில் நன்னீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதியின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கும் இந்தக் கணக்கின் மறுபக்கம் அச்சமூட்டுவது: அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 20 மீட்டர் ஏறிவரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்கு உப்பை உணரத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், நன்னீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே கிணறு கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீள நெடுங்காலமாகும். நீங்கள் மட்டும் அளவோடு இறைத்தும் பயனில்லை, பக்கத்து விடுதி இரவு பகலாக இறைத்தால் உங்கள் கிணறும் சேர்ந்தே கெடும். மழைக்காலம் முடிந்தவுடன் எடுத்த தண்ணீர்ச் சோதனையை நம்பாமல், வறண்ட காலத்தின் இறுதியில் எடுத்த சோதனையைக் கேளுங்கள். நம்பகமான குழாய்நீர் இணைப்பு இல்லாத மனைக்கு, கிணறு இன்று இனிப்பாக இருக்கிறது என்பதற்காக நான் விலை கூட்டிக் கொடுக்கமாட்டேன்.

வெள்ளம் என்றால் பலரும் கடல் பொங்கி வருவதையே நினைக்கிறார்கள். புறநகரில் அடிக்கடி வருவது, வெளியேற வழியில்லாமல் தேங்கும் மழைநீர். வடிகால்கள் கடலிலோ கழிமுகத்திலோ சேரும் இடத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது கடல் மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால், கனமழை பெய்தும் நீர் போகாது; சில மணி நேரத்துக்குத் தெருவே குளமாகும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை, உலகின் சராசரிக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை 0.20 மீட்டர் உயர்ந்ததாகவும், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததாகவும் கூறுகிறது. அதே வேகம் நீடித்தாலும் 25 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் ஆகும். வீட்டு வாசலுக்கு அது சிறியதாகத் தோன்றலாம், ஆனால் தட்டையான நிலத்தில் வடிகாலின் சரிவே சில சென்டிமீட்டர்தான். எனவே கடலிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்று கேட்பதோடு, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் கேட்க வேண்டும். கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தும் பழைய சதுப்பை மண்கொட்டி மேடாக்கிய மனைகள், கரையோர மணல்மேட்டு மனைகளைவிட முன்னதாக மூழ்குவதுண்டு.

முதல் வரிசை மனைகளுக்கு மட்டும் உரிய கவலை ஒன்று கரையரிப்பு. கரையோரமாக ஓடும் நீரோட்டம் மணலை ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் கடலுக்குள் கற்சுவர் நீட்டினால் மணல் ஒரு பக்கம் சேர்ந்து, மறுபக்கக் கரை தேயும். உங்கள் மனைக்கு முன்னாலுள்ள மணல்வெளி அகலமாக இருப்பதற்கும் குறுகுவதற்கும் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு துறைமுகச் சுவர் காரணமாக இருக்கலாம். உயர் ஓத எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் என்ன கட்டலாம் என்ற கட்டுப்பாடு பல நாடுகளில் இருக்கிறது. இருக்கும் வீட்டை இடித்துக் கட்டவும் மாடி எழுப்பவும் அனுமதி உண்டா என்பதை விற்பவரிடம் கேட்காமல் உரிய அலுவலகத்தில் எழுத்தாகப் பெற வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் வெள்ளமும் புயலும் அடங்குகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுக்குமாடியானால் சங்கத்தின் கணக்குப் புத்தகமே கட்டடத்தின் உண்மையான வரைபடம். பழுதுநிதியில் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக வெளிச்சுவர் பழுதுபார்த்தது எப்போது, பராமரிப்புக் கட்டணத்தை நிலுவை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் கேளுங்கள். உரிமையாளர்களில் பெரும்பாலோர் வெளியூரில் இருந்தால் கூட்டத்துக்கு ஆள் சேராது. ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் வருகிறவருக்குப் பால்கனியின் அடிப்பக்கம் பெயர்வது அவசரமாகத் தெரியாது, அங்கேயே குடியிருப்பவருக்கோ அது அன்றாட ஆபத்து. எங்கள் புறநகரில் நல்ல நிலையில் இருக்கும் கட்டடங்கள் எல்லாம் குடியிருக்கும் உரிமையாளர்கள் மிகுந்தவையே. குறைந்த பராமரிப்புக் கட்டணத்தை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கும் கட்டடத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் சேர்க்காமல் விட்ட நிதியைப் புதிதாக வாங்குபவர் ஒருநாள் மொத்தமாகக் கட்ட நேரிடும்.

விலையைப் பற்றி ஒரு சொல். கடல் தெரியும் வீட்டுக்குக் கேட்கும் கூடுதல் தொகையை அந்தக் காட்சிக்கான ஒருமுறைக் கட்டணமாக எண்ணக் கூடாது. அதே முகப்புதான் உப்பையும் முதலில் வாங்குகிறது என்பதால், ஜன்னல், கிரில், வண்ணப்பூச்சு, ஏசி ஆகிய அனைத்தின் ஆயுள் குறைவும் சேர்ந்து ஆண்டுதோறும் தொடரும் செலவாக அது மாறுகிறது. கடலுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில், முன்வரிசைக் கட்டடங்களும் மரங்களும் உப்பின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும் உள்தெருவில் வாங்கியவர், அதே கடலை நாள்தோறும் காலால் நடந்து சென்று அனுபவிக்கிறார். விற்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு: இங்கே வாங்க வருபவர்கள் பெரும்பாலும் சீசனில்தான் வருகிறார்கள். மற்ற மாதங்களில் விற்க வேண்டிய நெருக்கடி வந்தால் விலையில் விட்டுக்கொடுக்க நேரும். சில ஆண்டுகளில் வேலை மாறிப் போகும் வாய்ப்புள்ளவர்கள் உள்தெருவில் வாடகைக்கே இருக்கலாம். காற்றும் கடற்கரையும் வாடகைதாரருக்கும் ஒன்றுதான், கம்பியின் துரு மட்டும் உரிமையாளருடையது.